நான் படிக்காமல் தள்ளிய ஸ்வீடிஷ் நாவல்

ஒரு பெண் மொழிபெயர்த்த நாவலை, மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்ததாகப் பொய் சொல்லி, அச்சுக்குப் போகாமல் தடுத்தேன். மூலத்தை நான் திறக்கவே இல்லை. மொழிபெயர்ப்பிலும் முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் போகவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனி வயதில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. வீடு கிழக்குத் தாம்பரம். நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர் வேலை. தியாகராய நகரில் ஒரு பதிப்பாளர், தனக்கு வரும் மொழிபெயர்ப்புகளை என்னிடம் அனுப்பிக் கருத்துக் கேட்பார். நான் ஒரு பக்கம் எழுதித் தருவேன். அந்த ஒரு பக்கம் போதும், ஒரு புத்தகம் பிறக்கவோ சாகவோ. அதில் எனக்கு இருந்த பெருமையை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் எங்கள் காலனியிலேயே இரண்டு தெரு தள்ளி இருந்தார். குரோம்பேட்டையில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருடைய தம்பி கப்பலில் வேலை பார்த்தவன். ஸ்வீடன் துறைமுகம் ஒன்றில் இறங்கியபோது, ஆங்கிலத்தில் கிடைத்த ஒரு ஸ்வீடிஷ் துப்பறியும் நாவலை அக்காவுக்கு வாங்கி வந்திருந்தான். அதை அவர் இரண்டு கோடை விடுமுறைகளில் தமிழாக்கினார். கையெழுத்துப் பிரதி ஒரு கட்டு. ஆங்கிலப் புத்தகம் தனியாக, பழைய காலண்டர் தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிய ஒரு பொட்டலம். இரண்டும் பதிப்பாளர் வழியாக என்னிடம் வந்தன.

முதல் அத்தியாயத்தில் ஒரு போலீஸ் அதிகாரி ஒரு வீட்டுக்கு விசாரணைக்குப் போகிறார். உள்ளே நுழைந்ததும் காலணியைக் கழற்றி வாசல் நடையில் விடுகிறார். வெறும் காலுறையோடு கூடத்துக்குப் போய் உட்கார்கிறார். வீட்டுக்காரம்மாள் காபி கொடுக்கிறாள். அடுத்த வீட்டிலும் காலணியைக் கழற்றுகிறார், அங்கேயும் காபி. நான் சிரித்தேன். என் மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "இது ஸ்வீடனா, சேலையூரா?" என்றேன். வெள்ளைக்காரன் என்றால் எனக்கு இங்கிலாந்துக்காரன். நாவலில் படித்தவன், சினிமாவில் பார்த்தவன், பூட்ஸோடு படுக்கை வரை போகிறவன், டீ குடிக்கிறவன். அவனுக்கு மேலே வடக்கில் வேறு மாதிரி மனிதர்கள் வாழ்வார்கள் என்று தோன்றாத அளவுக்கு நான் ஆங்கிலம் படித்திருந்தேன்.

பொட்டலத்தைப் பரண்மேல் போட்டேன். பதிப்பாளருக்கு எழுதினேன்: மூலத்தோடு ஒப்பிட்டேன், மொழிபெயர்ப்பாளர் தம் தெருவைக் கொண்டுபோய் ஸ்வீடனில் வைத்துவிட்டார், நம்ப முடியாத பிரதி. அந்த வாக்கியம் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு பல வருடங்கள் அதை வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு நாவலை மொழிபெயர்க்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தவன். ஒரு பக்கமும் எழுதியதில்லை. கணக்கு டீச்சர் முழுப் புத்தகத்தை முடித்திருந்தார்.

பிரதி மட்டும் என் கருத்தோடு அவருக்குத் திரும்பிப் போன அடுத்த வாரம், தாம்பரம் ஸ்டேஷனில் காலை நேரத்துக் கூட்டத்தில் என்னைப் பிடித்தார்.

"சார், எந்த எடத்துல மாத்தி எழுதிட்டேன்னு சொன்னீங்கன்னா நான் திருத்திக்குவேன்."

"ஒண்ணா ரெண்டா, டீச்சர்? வெள்ளைக்காரன் வீட்டுல நுழையறப்ப ஷூவைக் கழட்டுவானா?"

"புக்ல அப்படித்தான் சார் இருக்கு. என் தம்பிகூட அங்க ஒருத்தர் வீட்டுக்குப் போயிருக்கான். கழட்டிட்டுத்தான் உள்ள போகணுமாம்."

"நான் ஒப்பிட்டுப் பார்த்துட்டேன்மா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கடைசி வரைக்கும் படிச்சீங்களா சார்?"

"படிக்காமலா எழுதுவாங்க?"

வண்டி வந்தது. அவர் பெண்கள் பெட்டியை நோக்கிப் போய்விட்டார். கடைசி வரைக்கும் என்று ஏன் கேட்டார் என்று நான் யோசிக்கவில்லை. அதற்குப் பின் அந்தப் பதிப்பாளரிடமிருந்து அவருக்கு எந்த வேலையும் போகவில்லை. 'அந்தம்மா இஷ்டத்துக்கு எழுதும்' என்ற பேர் நிலைத்துவிட்டது. கொஞ்ச நாளில் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி வீடு கட்டிப் போய்விட்டார்கள்.

தொண்ணூறுகளின் பாதிக்கு மேல் காற்று மாறியது. ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையில் புதிய வெளியீடுகள் பற்றிய பக்கத்தைத் திருப்பினால் டென்மார்க், நார்வே, ஸ்வீடன். நகரத்துப் புத்தகக் கடைகளில் வாசலிலேயே அடுக்கு: அட்டையில் பனி, பனியில் ஒற்றை மரம், மேலே கொட்டை எழுத்தில் 'லட்சக்கணக்கில் விற்றது'. எங்கள் ஆசிரியர் அறையில் நேற்று வரை அந்த நாடுகளை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்கள் 'வடக்கு ஐரோப்பியத் தனிமை' என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு புத்தகம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல லண்டனில் முதலில் விற்க வேண்டுமா? நம் கண்ணுக்கு என்ன கேடு? இப்படி நியாயமாகக் கொதித்தவன், என் கண்ணுக்கு என்ன கேடு வந்திருந்தது என்பதை மட்டும் மறந்திருந்தேன்.

அந்த அடுக்கிலிருந்து ஒன்றை நானும் வாங்கி, ரயிலில் படித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் துப்பறிகிறவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார், நடையில் காலணியைக் கழற்றினார், காபி வந்தது. பல்லாவரம் தாண்டியிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறினேன். காலண்டர் தாள் பழுத்திருந்தது. சணல் முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது. அவிழ்க்கக் கை போனது. அவிழ்த்தால், அன்றைக்கே பிரித்துப் படித்தவன்போல ஆகிவிடுவேன். அது இன்னொரு பொய். அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு கூடுவாஞ்சேரிக்கு பஸ் ஏறினேன்.

பொட்டலத்தை நீட்டியதும் அவர் முடிச்சைத்தான் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நான் போட்ட முடிச்சு சார்."

"ஆமா."

"அவுக்கவே இல்ல."

"இல்ல டீச்சர். பொய் சொன்னேன்."

அவர் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்து, புத்தகத்தை வெளியே எடுத்தார். "கதையே அந்த ஷூல தான் சார் இருக்கு. செத்தவன் வீட்டு நடையில ஒரு ஜோடி ஷூ அதிகமா இருக்கும். யாரோ உள்ள வந்தவன் வெறுங்காலோட ஓடிட்டான். அதை வெச்சுத்தான் கடைசியில கொலைகாரனைப் பிடிப்பாங்க. நீங்க கடைசி வரைக்கும் படிச்சிருந்தா, ஷூவை நான் சேர்த்தேன்னு சொல்லியே இருக்க முடியாது. அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு எனக்கு. ஸ்டேஷன்ல நிக்க வெச்சு ஒரு புரொபசரைப் பொய்யன்னு எப்படிச் சொல்றது?"

"அந்தப் பிரதியைக் குடுங்க டீச்சர். நானே எடுத்துட்டுப் போய்ப் போடச் சொல்றேன்."

"பிரதியா?" சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. "பின்பக்கமெல்லாம் வெள்ளையாத்தானே இருந்துது. டியூஷன் பிள்ளைங்க கணக்குப் போட்டுத் தீர்த்துட்டாங்க."

நான் பதிப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அதிர்ச்சியே இல்லை.

"புரொபசர் சார், இதையெல்லாம் வெளிய சொல்லிக்கினு இருக்காதீங்க. இப்ப அந்தப் பக்கத்துச் சரக்குதான் ஓடுது. பனி இருந்தா போதும், போட்டுடலாம். நீங்க ஒரு முன்னுரை குடுங்க, உங்க பேரை அட்டையில பெருசா போடுறேன்."

"என் பேரா? அந்தம்மா பேர்?"

"உள்ள போடலாம் சார். கணக்கு டீச்சர் பேரைப் பார்த்து யாரு வாங்குவான்?"

அன்று அந்த அலுவலகத்தில் நான் கத்தியது கீழே வெற்றிலைக் கடை வரை கேட்டிருக்கும். முன்னுரை கிடையாது, என் பேர் எங்கேயும் கிடையாது, அட்டையில் டீச்சர் பேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூலப் பதிப்பகத்துக்கு உரிமை கேட்டுக் கடிதங்கள் எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து மொழிபெயர்க்க டீச்சர் முதலில் மாட்டேன் என்றார். பிறகு ஒருநாள் போனில், "ஆரம்பிச்சுட்டேன் சார், ஆனா உங்களுக்காக இல்ல" என்றார்.

புத்தகம் வந்தது. அட்டையில் பனி, மரம். நாவல் ஸ்வீடனில்கூட அப்படி ஒன்றும் விற்றதில்லை. ஆனாலும் 'உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது' என்று போட்டார்கள். டீச்சர் பேர் அட்டையின் அடியில், பூதக்கண்ணாடி வைத்தால் தெரிகிற அளவில். சரி, இருந்தது.

அடுத்த மாதம் ஒரு பத்திரிகையில் மதிப்புரை வந்தது. 'மொழிபெயர்ப்பாளர் தம் தெருவைக் கொண்டுபோய் ஸ்வீடனில் வைத்துவிட்டார். போலீஸ் அதிகாரி வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்!' என் வாக்கியம். எழுதியவன் என் பழைய மாணவன். இப்போது பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வாத்தியார். போன் போட்டேன்.

"புத்தகத்தைப் படிச்சியா நீ?"

"சார், நீங்கதானே சார் கிளாஸ்ல சொன்னீங்க..."

"நான் சொன்னது கிடக்கட்டும். படிச்சியா?"

"ரெண்டு சாப்டர் பார்த்தேன் சார். டைம் இல்ல. பத்திரிகையில அவசரப்படுத்தினாங்க."

வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்த பிறகுதான், திட்டிய ஒவ்வொரு வார்த்தைக்கும் உரியவன் யார் என்று உறைத்தது. உடனே பத்திரிகைக்கு எழுதினேன். என் பொய்யை விவரமாக ஒப்புக்கொண்டு எழுதினேன். அவர்கள் வாசகர் கடிதம் பகுதியில் மூன்று வரி போட்டார்கள்: புத்தகத்தை நான் பாராட்டுகிறேனாம். ஒப்புக்கொண்டதை மட்டும் வெட்டி எறிந்திருந்தார்கள். ஒரு புரொபசர் பொய் சொன்னார் என்று அச்சில் வருவது அவர்களுக்கு அசிங்கமாம். ஒரு டீச்சர் பொய்யாக எழுதினார் என்று வரலாம்!

பத்திரிகையை எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் நின்றே குரலை உயர்த்தினேன். இவனுங்களை விடக் கூடாது, நேரில் போய்க் கேட்கப் போகிறேன் என்றேன்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க சார்," என்றார் டீச்சர். "இந்தக் கோவத்தை நான் எப்பவோ பட்டு முடிச்சுட்டேன். நீங்க இப்பத்தான் ஆரம்பிக்கிறீங்க."

உட்கார்ந்தேன். ஆங்கிலப் புத்தகத்தையும் தமிழ்ப் புத்தகத்தையும் என் முன்னால் வைத்தார்.

"யாரையும் போய்க் கேக்க வேணாம். ஒப்பிட்டுப் பார்த்தேன்னு எழுதினீங்க இல்ல, அதை இப்பப் பண்ணுங்க. முழுசா. தப்பு இருந்தா தப்புன்னு எழுதுங்க. எனக்கு அது போதும்."

இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பென்சிலை வைத்துக்கொண்டு, வரிக்கு வரி, கடைசிப் பக்கம் வரை படித்தேன். நாவல் நன்றாக இருந்தது. மொழிபெயர்ப்பு அதைவிட ஒரு படி நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். எழுதிய கட்டுரையை அந்தப் பத்திரிகை வாங்கவில்லை. அதிகம் பேர் படிக்காத ஒரு சிற்றிதழ் போட்டது, வெட்டாமல். யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. புத்தகமும் இரண்டாம் பதிப்புக்குப் போகவில்லை. பதிப்பாளர் அதற்குள் வேறு நாட்டு நாவல்களுக்குத் தாவியிருந்தார்.

கட்டுரையில் இரண்டு இடங்களைப் பிழை என்று குறித்திருந்தேன். இதழைப் பார்த்துவிட்டு டீச்சர் போன் செய்தார். ஒன்றை ஒத்துக்கொண்டார். இன்னொன்றில், "நீங்கதான் சார் தப்பு, போன பக்கத்தைச் சேர்த்துப் படிங்க," என்றார்.

படித்தேன். நான்தான் தப்பு.