வலி மாத்திரையும் முனியாண்டியும்

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கடுமையான வலி மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ஜார்ஜ்டவுன் பிளாட்டில் முனியாண்டிக்குச் சூடம் காட்டும்போது அவர் ஏதோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது, உடம்பு சாய்ந்தது. அருள் வந்துவிட்டது என்று நான் காலில் விழுந்து விபூதி கேட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "சாமி, லாட்டரிக்கு ஒரு நம்பர் சொல்லுங்க லா" என்று கேட்டார். உற்றுப் பார்த்தவருடைய முகம் மாறியது.

"தங்கச்சி, சாமி வந்தா வாய் ஏன் ஒரு பக்கம் மட்டும் கோணுது? ஆம்புலன்ஸ கூப்பிடு."

பக்கவாதம். அந்த மாத்திரையும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். சீக்கிரம் கொண்டுபோனதால் பிழைத்தார். பேச்சு திரும்பியதும் என்னிடம், "அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்கிறேன், நீ விபூதி கேக்குற" என்றார்.

முனியாண்டி அன்று வந்தது உண்மைதான். அக்காவிடம் வந்தார் என்றே நம்புகிறேன்.