வேண்டாம் என்பவரின் பக்கத்தில்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சகாயசெல்வியின் கண் முதலில் துழாவுவது, "வேண்டாம்" என்று சொல்லப்போகிற ஆளைத்தான். கார் ஓட்ட ஆசைப்படுகிறவர் வாசலிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவரை ஒரு தலையசைப்போடு தாண்டிவிடுவார் சகாயசெல்வி. உள்ளே டிவிக்கு முன்னால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால், அவருக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டுக்கொள்வார்.

"ஆசப்படுறவுககிட்டப் பேசி என்ன ஆகப்போகுது? அவுக எப்பவோ சரின்னுட்டாக. வேணாங்கிறவுககிட்டல்ல பேசணும்" என்பது அவர் கணக்கு.

திண்டுக்கல் நாகல் நகரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு வெள்ளைக் கார். ஆசிரியரும் அவரே, கூட்டிப் பெருக்குவதும் அவரே. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. நாற்பத்தெட்டு வயது. பயிற்சிக் காரில் இடதுபக்க இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வருஷக்கணக்காக அதையே மிதித்துப் பழகிய கால், சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போனாலும் வளைவு வந்தால் தரையை ஓங்கி மிதிக்கிறார். பக்கத்து சீட்டுப் பெண்கள் காலை இழுத்துக்கொள்கிறார்கள்.

படிக்க வந்தவர்களின் பெயரை அவரவர் குறையோடு சேர்த்துத்தான் போனில் போட்டு வைத்திருக்கிறார். "மலைச்சாமி கிளட்ச்", "நாகஜோதி ரிவர்ஸ்", "சகாயராணி கண்ணமூடி". லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷமானாலும் பெயர் மாறாது. மலைச்சாமி இப்போது சொந்தமாக இரண்டு லோடு வண்டி வைத்திருக்கிறார். ஆனாலும் அவர் அழைத்தால் திரையில் கிளட்ச் என்றுதான் வரும்.

சகாயசெல்விக்கும் ஆட்டோகிராஸ் போட்டிக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்று ஊரில் பலருக்கு ஆச்சரியம். ஆட்டோகிராஸ் என்றதும் டிவியில் வரும் கார் பந்தயத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. ஒரு பொட்டலில் ஆரஞ்சு நிறக் கோன்களை வளைத்து வளைத்து வைத்துப் பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகும், மோதுவதற்கு எதிரில் ஆளே கிடையாது. வீட்டுக் கார் போதும், தலைக்கு ஹெல்மெட் வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சுற்றி வருகிறீர்கள் என்று கடிகாரம் பார்ப்பார்கள். கோனைத் தட்டினால் இரண்டு விநாடி கூடும். ஆளுக்கு மூன்று சுற்று, அதில் எது நல்லதோ அது கணக்கு.

கோயம்புத்தூர் கிளப் ஒன்று, வடமதுரைக்கு முன்னால் மூடிக் கிடக்கும் ஒரு நூல் மில்லின் லாரி நிறுத்தும் இடத்தில் தை மாதம் இதை நடத்துகிறது. முதல் வருஷம் மைக் பிடிக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று சகாயசெல்வியைக் கூப்பிட்டார்கள். போனவர் அதோடு ஒட்டிக்கொண்டார்.

பார்க்க வருகிற கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. சுண்டல்காரருக்குக் கை ஓயாது. ஆனால் ஓட்டுகிறவர்கள் எல்லாம் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள். உள்ளூர்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று, "நானா இருந்தா அந்த எடத்துல ரெண்டாவது கியரு போட்டிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். கடந்த வருஷம் கிளப் செயலாளர் மதியழகன் அதை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"ஏனுங்க்கா, கூட்டத்தப் பாத்தா தேர்த்திருவிழா மாதிரி இருக்குது. ஓட்டறதுக்குத்தான் ஆளைக் காணோம். அடுத்த தடவ உள்ளூர் வண்டி பதினஞ்சாவது வரோணுங்க. இல்லீன்னா இங்கெ போடறது கஷ்டம்."

சகாயசெல்விக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. அவருக்கு அப்படியில்லை. தன்னிடம் படித்துவிட்டுப் போன எத்தனையோ பேர் நாலுவழிச் சாலையில் வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களில் பிரேக்கை முழுசாக ஒருமுறையாவது மிதித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? நாய் குறுக்கே வந்தால் கார் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்தவர் யார்? அந்த நினைப்பு அவரைத் தூங்கவிடாது. "ரோட்ல தப்புப் பண்ணுனா உசுரு போயிரும். தப்புப் பண்றதுக்குன்னு ஒரு எடம் வேணுமில்ல? இங்கன வந்து பண்ணிக்கிருங்க. ரப்பர் கோனு, அது என்ன கோவிச்சுக்கிறவா போகுது" என்று எல்லாரிடமும் சொல்வார்.

ஊர்க்காரர்கள் ஏன் வருவதில்லை என்பதை அவரே கண்டுபிடித்தார். இந்த ஊரில் கார் என்பது ஒருத்தருடையது இல்லை. அப்பா முன்பணம் கட்டியிருப்பார், அண்ணன் வெளிநாட்டிலிருந்து தவணை கட்டுவார், அம்மா பழனிக்கு நேர்ந்துகொண்டு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியிருப்பார், மருமகன் கல்யாணத்துக்கெல்லாம் இரவல் கேட்பார். அந்தக் காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொட்டலுக்குக் கொண்டுவருவதென்றால் பெண் கேட்டுப் போய்ச் சம்மதம் வாங்குவது மாதிரிதான். அதனால்தான் ஐப்பசியிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினார்.

முள்ளிப்பாடி மாயக்காள் வீடு அதில் பெரிய மலை. மருமகள் நாகஜோதிக்கு ஓட்ட ஆசை. மாயக்காளுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

"பொம்பளப்புள்ள காரத் தூக்கிக்கிட்டுக் காத்தாப் பறந்தா ஊரு என்ன பேசும்? எம்மகன் வேற சவுதில கெடக்கான். வண்டில ஒரு கீறல் விழுந்தா அவனுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

சகாயசெல்வி மறுத்துப் பேசவே இல்லை. தோட்டத்துக் கனகாம்பரத்தைப் பற்றிக் கேட்டார், மழை ஏமாற்றியதைப் பற்றி அங்கலாய்த்தார். கிளம்பும்போது போகிறபோக்கில், "செத்த நேரம் என் வண்டில வாங்க பெரியம்மா, அந்த எடத்தக் காட்டிட்டுக் கொண்டாந்து விட்டுர்றேன்" என்றார். நாகஜோதி பின்சீட்டில் மூச்சுவிடாமல் ஏறிக்கொண்டாள்.

மில் பொட்டலில் கோன்களை வைத்து ஒரு சின்னப் பாதை போட்டு, முதலில் நடை வேகத்தில் சுற்றினார். பிறகு கொஞ்சம் கூட்டினார். அப்புறம் நிஜமாகவே ஓட்டினார். மாயக்காள் மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. கார் நின்றது. வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று சகாயசெல்வி காத்திருந்தார்.

"இன்னொருக்காச் சுத்து" என்றார் மாயக்காள். "மொதத் தடவ கண்ண மூடிட்டேன்."

இப்படித்தான் ஒவ்வொரு வீடாகக் கரைந்தது. மார்கழி முடிவதற்குள் உள்ளூர் வண்டி பதினைந்தும் சேர்ந்துவிட்டன.

இத்தனை வீட்டில் வேண்டாம் என்பவரைத் தேடிப் பிடித்தவரின் சொந்த வீட்டில் அந்த ஆள் யார்? வேறு யார், சகாயசெல்வியேதான்.

அவருடைய கணவர் ஆனந்த்ராஜ் அரசு பஸ் டிரைவர். திண்டுக்கல்லுக்கும் பழனிக்குமாக இருபத்தேழு வருஷமாக ஓட்டுகிறார். நின்றுகொண்டு வருகிற கிழவி கையில் வைத்திருக்கும் காபி சிந்தாமல் பஸ்ஸை நிறுத்துவார் என்று டிப்போவில் பேர். அதிர்ந்து பேசாத மனிதர். போட்டி நடக்கும் நாளில் லீவு போட்டுவிட்டு வந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை கார்களை வரிசையில் நிறுத்திவிடுவார். அந்த ராத்திரி சாப்பிடும்போது மட்டும், ஏதோ உப்பு கேட்கிற மாதிரி கேட்பார்.

"அடுத்த வருசம் நானும் ஒருக்காச் சுத்தட்டுமா செல்வி?"

"பேசாம வெஞ்சனத்தத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க. வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா திங்கக்கெழம நான் எதுல சொல்லிக்குடுக்க?"

அவர் சரி என்று தலையாட்டுவார். மறுபடி அடுத்த தைக்குத்தான் அந்தப் பேச்சு. கார் அடிபடும் என்ற பயம் சகாயசெல்விக்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் வெளியே சொல்லாத பயம் ஒன்று அதைவிடப் பெரியது. டிரைவிங் ஸ்கூல்காரியின் புருஷன், அதுவும் பஸ் டிரைவர், கடைசியில் வந்தால்? அத்தனை பேருக்கும் முன்னால் அந்த நேரத்தை மைக்கில் வாசிக்க வேண்டியது அவரல்லவா? ஊரெல்லாம் தப்புப் பண்ண இடம் வேண்டும் என்று வாதாடியவருக்குத் தன் வீட்டுத் தப்பை நாலு பேர் பார்க்கக் கொடுக்க மனசு வரவில்லை. இதை அவர் தனக்குத்தானே கூட ஒப்புக்கொண்டதில்லை.

இந்தத் தை ஞாயிறு, சர்ச்சில் காலைப் பூசை முடிந்து கணவனும் மனைவியும் மைதானத்துக்கு வந்து இறங்கியபோதே போன் அடித்தது. மலைச்சாமி கிளட்ச்.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. பங்காளி வீட்ல பெரியவரு தவறிட்டாரு. கேதத்துக்குப் போறோம், வண்டி வராது."

சாவுக்கு என்ன சொல்ல முடியும்? "பாத்துப் போய்ட்டு வா அப்பு" என்று வைத்துவிட்டார். கோவைக்காரர்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். மதியழகன் தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, நம்மூரு வண்டி பதினாலுதானுங்க இருக்குது. லிஸ்ட்ட மூடோணும். வேற யாராச்சும் இருக்கறாங்களா?"

சகாயசெல்வி வேலிக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றிரண்டைக் கேட்டும் பார்த்தார். ஒருவருடைய கார் சர்வீஸில் இருந்தது, இன்னொருவர் மாமனாரைக் கேட்க வேண்டும் என்றார். மருமகள் ஓட்டுவதைப் பார்க்கவென்று பட்டுப்புடவையில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாயக்காள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, கோன ஏத்திக்கிட்டு வந்த ஒன் வண்டி அங்கன சும்மாத்தான நிக்குது?"

"அது ஸ்கூல் வண்டி பெரியம்மா. அத வச்சுத்தான் கஞ்சி குடிக்கிறோம்."

"எங்க வண்டி மட்டும் வானத்துல இருந்தா விழுந்துச்சு? எம்மகன் வெயில்ல வெந்து அனுப்புன காசு. எங்க வீட்ல வந்து ஒக்காந்து அம்புட்டுப் பேசுனியே. ஒன் வீட்ல யாரு வந்து பேசுவா?"

சகாயசெல்விக்கு, வீடு வீடாகப் போய்ச் சொன்னதெல்லாம் ஒட்டுமொத்தமாகத் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. தூரத்தில் ஆனந்த்ராஜ் யாருடைய காரையோ கையைக் காட்டிக் காட்டிப் பின்னுக்கு விட்டுக்கொண்டிருந்தார். மலைச்சாமி வரவில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் இந்தப் பக்கம் வரவில்லை, கேட்கவுமில்லை. அதுதான் சகாயசெல்வியின் நெஞ்சில் போய்த் தைத்தது.

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டுச் சாவியை நீட்டினார்.

"நெசமாவா?" என்றார் ஆனந்த்ராஜ். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் சாவி திரும்பிப் போய்விடும் என்று பயந்தவர்போல, கடன் வாங்கிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காருக்கு நடந்தார். சீட்டை நகர்த்தினார், கண்ணாடியைத் திருப்பினார், பஸ் எடுக்கும்போது செய்வதுபோல நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கொடி இறங்கியது. நேர்ப்பாதையில் கார் நன்றாகத்தான் போனது. முதல் வளைவு வந்தபோதுதான் வினை பிடித்தது. பின்னால் நாற்பது அடிக்கு பஸ் வருகிறது என்றே அந்தக் கை நினைத்துக்கொண்டிருந்தது. வளைவை விட்டு அகலமாக வெளியே போய், பின்சக்கரம் தாண்டட்டும் என்று பொறுத்து, பிறகு சாவகாசமாகத் திருப்பினார். அந்தச் சின்னக் கார் வெளிப்பக்கக் கோன்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போனது. இரண்டாவது வளைவிலும் அதே கதைதான். கூட்டத்துக்கு விளங்கிவிட்டது.

"பழனி, பழனி, பழனி. உள்ள ஏறு, உள்ள ஏறு" என்று வேலியோரம் ஒருவன் கண்டக்டர் குரலில் கத்தினான். மைதானமே சிரித்தது. முடிவுக் கோட்டில் மட்டும், புழுதி கூடக் கிளம்பாமல், பூப்போல நிறுத்தினார்.

நேரம் எழுதிய சீட்டை மதியழகன் கொண்டுவந்து கொடுத்தார். சகாயசெல்வி மைக்கைக் கையில் எடுத்தார். பெயர், ஊர், நேரம், தட்டிய கோன்கள், கூடிய விநாடிகள் என்று எதையும் விழுங்காமல் வாசித்தார். இதுவரை வந்ததில் அதுதான் கடைசி என்பதையும் சேர்த்தே சொன்னார். கூட்டம் இன்னொரு தடவை சிரித்துவிட்டு, கையும் தட்டியது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆனந்த்ராஜ் காரைவிட்டு இறங்கியிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரை முன்னாலும் பின்னாலும் குனிந்து பார்த்தார். பம்பரைக் கையால் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் மனைவியிடம் வந்தார். முகமெல்லாம் வியர்வை, கண்ணில் மட்டும் அடக்க முடியாத ஒரு வெளிச்சம்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல செல்வி. நல்லாப் பாத்துட்டேன். எனக்கு இந்த ஒரு சுத்தே போதும்" என்று சாவியை நீட்டினார்.

சகாயசெல்வி பம்பரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மைக்கை மாயக்காளின் மடியில் வைத்தார். சாவியை வாங்காமல், கணவரின் கக்கத்திலிருந்த ஹெல்மெட்டை உருவி, எக்கி நின்று அவர் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துப் பூட்டினார்.