வாப்பா குடிக்காத கள்

என் வாப்பா கள்ளைத் தொட்டவரல்ல. அவரைக் குடிகாரராக்கியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, வெள்ளைக்காரன் காலம்.

புத்தளம் உப்பளத்தில் கங்காணியாக இருந்த வாப்பா அந்த வருஷம் ஆளே மாறிப்போனார். உப்புத் திருடுகிறாயென்று தன் தம்பியை, என் சாச்சாவை அடித்தார். சோற்றில் நஞ்சிருக்கிறதென்று கோப்பையை முற்றத்தில் கவிழ்த்தார். சும்மா இருக்கும்போதே தோளும் விரலும் துள்ளின. ஒரு ஜும்ஆவில் தொழுகை வரிசையில் தள்ளாடி, பக்கத்து ஆள்மேல் விழுந்தார்.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றார்.

"குடிச்சிருந்தா தௌபா செய்யட்டும், மன்னிப்போம். குடிக்காம இப்பிடி ஆடினா அது பைத்தியம். சங்கிலி போட்டுக் கொழும்புக்குத்தான் அனுப்போணும்."

"அல்லாஹ்மேல ஆணை, நான் குடிக்கல்ல மரைக்கார்."

"ஆடுற ஆள்ர பேச்ச யாரு நம்புற? போ புள்ள, வாப்பாட வாய மணந்து பாத்துச் சொல்லு."

வாப்பா எனக்காகக் குனிந்தார். வெற்றிலை மணம் மட்டும்தான். கள் எப்படி மணக்கும் என்பதே எனக்குத் தெரியாது. சங்கிலிதான் கண்ணில் நின்றது.

"கள்ளு மணக்குது" என்றேன்.

அடிப்பாரென்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ உள்ளங்கையில் ஊதித் தானும் மணந்து பார்த்தார்.

"மெய்யா மகள்? அப்ப நான் எப்ப குடிச்ச?"

இனித் தொடமாட்டேனென்று எல்லோர் முன்னாலும் தௌபா செய்தார். காப்பாற்றிவிட்டேனென்று எனக்குச் சந்தோஷம். அடுத்த ஜும்ஆவிலும் விழுந்தார். தௌபாவை முறித்தவரென்று வரிசையிலிருந்து விலக்கினார்கள். அந்த வெட்கத்தில் என் பள்ளிக்கூடமும் நின்றது.

பல வருஷம் கழித்து என் தம்பியும் சோற்றைச் சந்தேகிக்கத் தொடங்கினான். கொழும்பு டாக்டர் வாப்பாவையும் வாப்பாவின் உம்மாவையும் பற்றி விசாரித்தார். எங்கோ சில குடும்பங்களில் மட்டும் பரம்பரையாக வரும் மூளை வருத்தம் என்றார். முதலில் குணம் கெடும், பிறகுதான் கைகால் ஆடுமாம். இது எனக்கும் வருமா என்று கேட்கப் போய், கேட்காமலே வந்துவிட்டேன்.

அன்றைக்கு யாருக்கு இது தெரியும்? விலக்கப்பட்ட மறுநாள் வாப்பா என்னைக் கூப்பிட்டு, "மகள், நான் எங்க வெச்சுக் குடிக்கிறன் எண்டு தேடிப் பாரும்மா" என்று கெஞ்சினார். ஊரே சொல்லச் சொல்ல என் பொய் எனக்கே மெய்யாகியிருந்தது. நானும் அலுமாரிக்குப் பின்னால், உப்புச் சாக்குகளுக்கு நடுவில் எல்லாம் போத்தலைத் தேடினேன். கிடைக்கவில்லை. வாப்பா இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளித்து வைக்கிறாரே என்றுதான் நினைத்தேன்.