சாந்தம்மா ஊற்றிய தண்ணீர்

சாந்தம்மாவுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: புதுக் கட்டடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது. சிரிக்காதீர்கள். தூண்களில் சாக்கைச் சுற்றிக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும், தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். ஏமாற்றினால் காங்கிரீட் இறுகாது, வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அஞ்செட்டிப் பக்கமிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த பதினோரு வருஷத்தில் காய்ச்சல் அடித்த நாளில்கூட பைப்பை இழுத்துக்கொண்டு மாடி ஏறியவள் அவள்.

மேஸ்திரி வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி முனிவேல்தான். "எங்கக்கா தண்ணி ஊத்துனா கட்டடம் கல்லாட்டம் நிக்கும்" என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வான். கேட்கக் கேட்க இவளுக்கும் பூரிப்பாகத்தான் இருக்கும்.

கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக, சிப்காட் பக்கம் அடுத்தடுத்து இரண்டு மாடிக் கட்டடங்களை முனிவேல் ஒரே நேரத்தில் எழுப்பினான். 2007 ஐப்பசி மழையில் அதில் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சோறு தின்கிற நேரம். மூன்று உயிர் போயிற்று. அங்கே குடியிருந்த கோவில்பட்டிக்காரரான மாரிமுத்துவின் மனைவி ராஜலட்சுமியும் அதில் ஒருத்தி. அவர் ஷிப்டுக்குப் போயிருந்ததால் தப்பினார்.

மறுவாரம் இடிபாட்டுக்கு முன்னால் மாரிமுத்து சாந்தம்மாவை வழிமறித்தார்.

"கெடுத்துட்டியேம்மா. தண்ணி ஊத்தக்கூடவா ஒனக்குக் கை வலிச்சுது?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முழிக்காத. ஒன் தம்பியே போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டான். அக்கா ஒழுங்கா தண்ணி ஊத்தல, அதான் தூணு நிக்கலன்னு."

அடப்பாவி! வேறு எவனாவது சொல்லியிருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பாள். சொன்னவன் தம்பி. நேரே அவன் வீட்டுக்கு ஓடினாள்.

"ஏன்டா, ஆத்து மணலுக்குப் பதிலா ஏரி மண்ண அள்ளிப் போட்டது நீ. கம்பியக் கொறச்சது நீ. சேறா ஒட்டுதேன்னு நான் கேட்டப்ப, மீதிய நான் பாத்துக்கறேன், நீ தண்ணிய மட்டும் ஊத்துன்னியே! இப்ப என் தலையில கட்டுறியா?"

முனிவேல் அசரவில்லை. "கத்தாதக்கா. நான்னா ஜெயிலு. நீ படிக்காத பொம்பள, நாலு திட்டு திட்டி அனுப்பிருவாங்க. நாளைக்குத் தாசில்தார் விசாரிச்சா ஆமான்னுட்டு வந்துரு. குத்தம் தண்ணியிலதான்னு ஆயிட்டா, பக்கத்துக் கட்டடத்த எவனும் தோண்டிப் பாக்க மாட்டான்."

அந்தப் பக்கத்துக் கட்டடத்தில் எட்டுக் குடும்பங்கள் குடியிருந்தன. அதே மண், அதே கம்பி. பக்கத்தில் ஒன்று விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும், வேறு வீடு கிடைக்காமல் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தபடி அங்கேயே கிடந்தார்கள். சாந்தம்மா வந்த வழியே திரும்பி நடந்தாள்.

மறுநாள் தாலுகா ஆபீசில் முனிவேலும் மாரிமுத்துவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் கேட்டார்: "தண்ணி ஊத்துனீங்களா, இல்லையாம்மா?"

"ஊத்தலைங்கய்யா."

மாரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். முனிவேலுக்கு மூச்சு வந்தது. பதினோரு வருஷப் பேரைத் தன் வாயாலேயே தொலைத்துவிட்டாள் சாந்தம்மா. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

"பக்கத்துக் கட்டடத்துக்கும் நான்தாங்கய்யா..."

"பேடக்கா" என்று முனிவேல் வீட்டுக் கன்னடத்தில் கெஞ்சினான். வேண்டாமாம்!

"அதே பைப்பு, அதே கை. அதுக்கும் ஊத்தல. எட்டுக் குடும்பம் இருக்குதுங்க. மொதல்ல அவங்கள எறக்குங்க."

முனிவேல் துள்ளி எழுந்தான். "பொய்யிங்கய்யா! அதுக்கெல்லாம் நல்லா ஊத்துனா, நானே பாத்தேன்!"

"அப்படியா?" என்றார் தாசில்தார். "அதுக்கு ஊத்துனவங்க விழுந்ததுக்கு மட்டும் ஏன் ஊத்தல மேஸ்திரி?"

முனிவேல் மெல்ல உட்கார்ந்தான். எட்டுக் குடும்பங்களையும் அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொன்னார் தாசில்தார். அந்தத் தூண்களைக் குடைந்து மண்ணையும் கம்பியையும் பார்க்க இன்ஜினியர்களையும் வரச் சொன்னார். ஊற்றவில்லை என்று எழுதியிருந்த தாளில் சாந்தம்மா கைநாட்டு வைத்தாள்.

வெளியே வந்ததும் முனிவேல் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "கூடப்பொறந்தவனுக்கு இப்படிப் பண்ணிட்டியேக்கா!"

சாந்தம்மா கையை உதறினாள்.

"நீ சொல்லச் சொன்னதத்தான்டா சொன்னேன்."