என் வீட்டுக்காரருக்கு வந்த இரங்கல்

மரக்காணம் உப்பளத்தில் நானும் என் கணவரும் கூலி வேலை செய்கிறோம். போன மாதம் ஓர் இளைஞர் வந்து, "அக்கா, நீங்க உப்பு வார்றத ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "அதுக்கென்னப்பா, எடுத்துக்கோ" என்றேன்.

வெயிலுக்காகப் புடவைக்கு மேல் கணவரின் பழைய சட்டையைப் போட்டிருந்தேன். தாலி அதற்குள் இருந்தது. உப்புத் தண்ணீரில் விரல் புண்ணாகிறதென்று மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தேன். நெற்றிப் பொட்டும் வியர்வையில் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து, பிரம்மதேசம் கிராமத்தில் இருக்கும் என் தங்கை போனில் அழுதாள். "அக்கா, மாமாவுக்கு என்னக்கா ஆச்சு? வீடியோல என்னென்னமோ போட்டிருக்கான்!" மாமாவோ என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அனுப்பிய வீடியோவைத் திறந்தோம். சோக இசையோடு, "கணவனை இழந்த பெண்ணின் கண்ணீர்க் கதை" என்று என் முகத்தின் மேலேயே எழுதியிருந்தது. கண்ணீராம்! அது வியர்வை. கீழே முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக இரங்கல் சொல்லியிருந்தார்கள்.

"ஏய், நான் செத்துட்டேனாடி?" என்றவர், பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"அந்தப் பெண் நான்தான். என் கணவர் நன்றாக இருக்கிறார்" என்று நானே கீழே எழுதினேன். "அடுத்தவங்க துக்கத்துல விளையாடாதே, ஃபேக் ஐடி" என்று யாரோ என்னைத் திட்டினார்.

இப்போது யார் போனைத் தூக்கினாலும், அடுத்த பாத்தியிலிருந்து அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். "இவருதாங்க என் வீட்டுக்காரர். இவரையும் சேர்த்து எடுங்க. இல்லன்னா போனை உள்ள வைங்க."