பத்து விரல், இருபத்தைந்து தட்டு

சுடுகளத்தில் மதிப்பெண் எழுதும் வேலைக்குக் கண் பாதி, காது பாதி. 1991-இல் கேட்ட அந்தச் சத்தங்கள் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை: இயந்திரத்தின் வில் விடுபடும் ‘டங்’, துப்பாக்கி வெடி, பறந்த களிமண் தட்டு உடைந்து உதிரும் சலசலப்பு. உதிராவிட்டால் வெறும் காற்று. நான் ஒரு சுழி போடுவேன். விடைத்தாள் திருத்தியவர்களுக்கும் ஆலையில் பழுதுச் சாமான் பொறுக்கியவர்களுக்கும், அடுத்தவர் தவறைக் குறித்தே நாள் கழிப்பதன் அலுப்பு தெரிந்திருக்கும்.

மூன்று

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் களம் வல்லம் வடகாலுக்கு அப்பால் ஒரு தரிசு. தட்டு எறியும் இயந்திரத்தின் வில் முறிந்தபோது, மறைமலை நகர் ஆலை ஒன்றில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டிய ஏகாம்பரத்தைக் கூட்டி வந்தார்கள். பிள்ளைப்பாக்கத்துக்காரர், நாற்பதை நெருங்கியவர். சரிசெய்து முடித்ததும், தானும் ஒரு முறை சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பயிற்சியாளரான ஓய்வுபெற்ற சுபேதார், சங்கத்துத் துப்பாக்கியைக் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றார்.

இருபத்தைந்தில் மூன்று தட்டு உடைந்தது. பாவமாக இருந்தது, தாளைக் கையால் மறைத்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“மூணா கீது? எனுக்கு ரெண்டுதான் தெரிஞ்சிது. இன்னொண்ணு எதுன்னு சொல்லும்மா, அதே மாரி சுடறேன்.”

மருந்தில்லாத தோட்டா

அன்று முதல் வார விடுமுறை தவறாமல் வந்தார். சங்கத்து அணியில் சேர வேண்டும் என்பது ஆசை. அதற்குத் தேர்வில் இருபது தட்டு உடைக்க வேண்டும். ஆறு மாதமாகியும் பதினொன்றைத் தாண்டவில்லை.

ஒருநாள் சுபேதார் அவருக்குத் தெரியாமல் மருந்தில்லாத தோட்டா ஒன்றைப் போட்டுவைத்தார். தட்டு பறந்தது. வெடிக்கவில்லை. ஆனால் தட்டோடு நகர வேண்டிய குழல் பாதியில் நின்றிருந்தது. ஏகாம்பரத்தின் பார்வை தன் விரல்மேலேயே இருந்தது. அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டார் சுபேதார். ஏகாம்பரம் விரலை விசையிலிருந்து எடுத்தார்.

“பிரஸ்ல பெடல மிதிக்கச் சொல்ல கையப் பாக்கணும் சார். பக்கத்து மெஷின்காரன் பாக்கல, ரெண்டு விரல் போச்சு. பதினாறு வருசமா பாத்த கண்ணு, இங்கியும் கீழ போவுது.”

வெறுங்கால்

பழக்கத்தை விட்டால் தட்டு உடையும். விட்ட பழக்கம் ஆலையிலும் விட்டுப்போனால்? அவர் மனைவி, துப்பாக்கியா விரலா என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டாராம்.

ஏகாம்பரம் இரண்டையும் விடவில்லை. மூன்று மாதம் ஒரு தோட்டாகூடச் சுடாமல், வெறும் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி இறக்கி, பறக்கும் தட்டை மட்டும் பார்த்துப் பழகினார். ஆலையில் பூட்ஸ், களத்தில் வெறுங்கால் என்று வைத்துக்கொண்டார். மறுபடி சுடத் தொடங்கியபோது பதினான்கு, பதினேழு, பிறகு ஒருநாள் இருபது. தரிசெல்லாம் நெருஞ்சி. வலிக்காதா என்று கேட்டேன்.

“குத்தினா நல்லதும்மா. இது ஃபேக்டரி இல்லன்னு காலுக்குத் தெரியும். கால் கண்ணுக்குச் சொல்லிடும்.”

தேர்வு நாள்

வெளியூரிலிருந்து வந்த நடுவர், ஷூ இல்லாமல் களத்தில் நிற்கக் கூடாது என்றார். சுபேதார் கெஞ்சியும் நடக்கவில்லை. கடைசியில் அவர் தன் பூட்ஸையே கழற்றிக் கொடுத்தார்.

முதல் ஆறில் நான்கு உடையாமல் போயிற்று. ஒவ்வொரு முறையும் ஏகாம்பரத்தின் இமை கீழே போவதைப் பார்த்தேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நடுவில் ஒன்று தவிர எல்லாம் உடைந்தது. இருபத்து நான்கு முடிந்தபோது பத்தொன்பது. கடைசித் தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. சுழி போட்டுவிட்டு நான் தலை நிமிரவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

“வுடும்மா. பூட்ஸ் போட்டா கண்ணு இன்னும் கீழ போவுது. நாளிக்கு மொத ஷிஃப்ட்டுக்குத் தைரியமா போலாம்.”

சுழி போட மட்டும் தெரிந்த என் தாளில், பொறுமைக்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஏகாம்பரம் ஒரு கான்வாஸ் ஷூ வாங்கி, முதலிலிருந்து பழகி, அடுத்த ஆண்டு இருபத்திரண்டு தட்டு உடைத்து அணியில் சேர்ந்தார். ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் அவருக்குப் பத்து விரலும் இருந்தன.