இங்கிலீஷில் போட்ட கையெழுத்து

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் நான் யாரிடமும் சொன்னது கிடையாது. ஒரு வங்கி என்னைச் சொல்ல வைத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பிசிர் வெட்டப் போனேன். தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரித்து விடுகிற வேலை. சம்பள நாளில் பெண்கள் வரிசையாக நிற்போம். கட்டைவிரலை மையில் அழுத்திப் பதிவேட்டில் வைத்துவிட்டு, மிச்ச மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அது ஆகாது. நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தமிழில் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பணம் கொடுக்கிறவர், "இங்க எல்லாம் இங்கிலீஷ்தாம்மா. போட்டா இங்கிலீஷ்ல போடு, இல்லன்னா விரல வை" என்றார்.

எங்கள் மேற்பார்வை அக்கா ஒரு காலர் அட்டையில் என் பெயரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். சோறு தின்கிற நேரத்தில், துணியில் கோடு போடும் சாக்கட்டியால் மேசை மேல் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அடுத்த சம்பளத்துக்குப் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பணம் கொடுக்கிறவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே அதற்குப் பிறகு எங்கே போனாலும் இங்கிலீஷில்தான் போட்டேன். மகளின் பள்ளிக்கூட அட்டையில், கூட்டுறவுக் கடையில், வீட்டுக்காரர் செத்துப் போனபோது நீட்டிய காகிதங்களில். இரும்புலியூரில் எங்கள் தெருவில் என்னைப் படித்த பொம்பளை என்பார்கள். நான் மறுத்ததில்லை.

வயதான காலத்தில் மாவு வியாபாரம் ஆரம்பித்தேன். முன்னறையில் கிரைண்டரைப் போட்டு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பேன். மேடவாக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கும் டப்பாவில் போகும். தெருமுனையில் தள்ளுவண்டியில் டிபன் போடுகிறவளும் என்னிடம்தான் வாங்குவாள். வங்கியில் கடன் பிடித்துக் கொடுக்கும் பையன் ஒருவன் பக்கத்துச் சந்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். தெற்கத்திப் பையன். ராத்திரி தோசை ஊற்ற மாவு வாங்க வருவான், ஒரு கரண்டி கூடவே ஊற்றுவேன். அவன்தான் சொன்னான்: "பாட்டி, இந்தச் சின்ன கிரைண்டர வச்சுக்கிட்டு எத்தனை நாள் மல்லுக்கட்டுவீங்க. பெர்சனல் லோன் போட்டுத் தாரேன், பெருசா வாங்குங்க."

சரி என்றேன். அவன் வீட்டுக்கே வந்து காகிதத்தை அரிசி மூட்டை மேல் விரித்தான். எல்லாம் இங்கிலீஷ். நான் பேனாவை எடுத்து முதல் கையெழுத்தைப் போட்டதும், "அடேங்கப்பா, எங்க மேனேஜரே இப்படிப் போட மாட்டாரு" என்றான். அடுத்த பக்கத்தைத் திருப்பினான். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று விரலை வைத்துக்கொண்டே போனான். நானும் போட்டுக்கொண்டே போனேன். எது என்ன காகிதம் என்று கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பணம் கணக்கில் விழுந்தபோது பதினெட்டாயிரத்துச் சொச்சம் குறைந்திருந்தது. "அது சார்ஜ் பாட்டி, எல்லாருக்கும் உண்டு" என்றான். தள்ளுவண்டிக்காரியும் கடன் கேட்டாள். நல்ல பையன் என்று நானே அவனைக் கைகாட்டிவிட்டேன்.

ஒரு வருஷம் ஒழுங்காகத் தவணை கட்டினேன். அப்புறம் ஒருநாள் கிரைண்டர் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அரைக்க ஆளில்லை, தவணை தவறியது. வசூல் ஆட்கள் போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் மகள் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள், அவளுக்கு இந்த விவகாரம் கொஞ்சம் தெரியும். வங்கியோடு போனில் பேசிவிட்டு வந்து, "அம்மா, உன் லோனுக்கு இன்சூரன்ஸ் இருக்காம்மா. கை கால் உடைஞ்சாலோ வேலை போனாலோ அதுவே தவணை கட்டுமாம். நீ சொல்லவே இல்லியே" என்றாள்.

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. குறைந்து போன பதினெட்டாயிரம் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. சரி, காசு போனாலும் காப்பாற்ற ஒன்று இருக்கிறதே என்று அன்றைக்கு அந்தப் பையனை மனதுக்குள் வாழ்த்தக்கூடச் செய்தேன்.

விண்ணப்பம் போட்டோம், பதில் வந்தது. அந்த இன்சூரன்ஸ் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்காம், அதுவும் அறுபது வயதுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. எந்த முதலாளி எனக்குச் சம்பளம் கொடுக்கிறான்? எனக்கு ஒரு நாளும் பலிக்காத ஒன்றை, என் வீட்டில், என் அரிசி மூட்டை மேல் வைத்து விற்றுவிட்டுப் போயிருக்கிறான். அவனைத் தேடினோம். கேளம்பாக்கம் கிளைக்கு மாறிப் போய்விட்டான் என்றார்கள். போனை எடுக்கவில்லை.

பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி மேற்குத் தாம்பரத்துக் கிளைக்குப் போனோம். மேலாளர் ஒரு பெண்பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினாள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீங்கதானம்மா சைன் பண்ணியிருக்கீங்க" என்றாள்.

"என்னான்னு சொல்லாம வாங்கினாம்மா."

"கைநாட்டுன்னாலும், தமிழ்ல சைன் பண்ணாலும், படிச்சு விளக்கிச் சொன்னோம்னு சாட்சியோட ஒரு பக்கம் எழுதணும். நீங்க இங்கிலீஷ்ல சைன் பண்ணியிருக்கீங்க. அப்போ படிச்சுப் புரிஞ்சுதான் பண்ணீங்கன்னு அர்த்தம்."

எழுத்து மூலமாகவும் அதையே அனுப்பினார்கள். கையெழுத்து அழகாக இருந்த குற்றத்துக்கு அபராதம்.

மகள் விடவில்லை. மேலே ஒரு மனு போடலாம் என்றாள். "எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு எழுதிடறேன். அது ஒண்ணுதான் வழி."

"அப்படி எழுதாதே."

"உண்மையத்தானேம்மா எழுதறேன். ஏ பி சி டி தெரியுமா உனக்கு?"

"தமிழ் தெரியும்."

"தமிழ் தெரியும்னா, தமிழ்ல ஒரு காப்பி கேட்டு வாங்கியிருக்கலாமேம்பான். தெரியாதுன்னா மொத்தமா தெரியாதுன்னு சொல்லணும்மா."

நான் மாட்டேன் என்றேன். பதினெட்டாயிரம் போனால் போகட்டும் என்றேன். "போகட்டுமா? வசூல்காரன் என் ஆஸ்பத்திரிக்கே போன் பண்றான். நீ மானத்த வச்சிக்கினு உக்காரு, நான் கட்டறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் அவள் சம்பளத்தில்தான் தவணை கட்டினாள். பேத்திக்குப் பள்ளிக் கட்டணம் தள்ளிப் போயிற்று. அதன் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது கட்டுப் பிரித்திருந்தார்கள். அதே கிளையின் மாடியில் ஓர் அறை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேலாளர் பெண். மகள் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தது ஒன்றுதான்: வாயைத் திறக்காதே.

அதிகாரி ஓர் இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினார். "இதுல என்ன இருக்கு, சொல்லுங்க."

"தெரியாது."

ஒரு தமிழ்க் காகிதத்தை நீட்டினார். மகள் மேசைக்கு அடியில் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அந்த மேலாளர் பெண் லேசாகச் சிரித்த மாதிரி எனக்குப் பட்டது. நான் காகிதத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, "வா டிக் கை யா ளர் க ளின் க வனத் திற்கு" என்று கூட்டி வாசித்தேன். ஒரு வரி முழுசாக வாசித்துவிட்டுத்தான் கீழே வைத்தேன்.

"நல்லாத்தானே படிக்கிறீங்க" என்றார் அதிகாரி. மகள் என்னைப் பார்க்கவே இல்லை.

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கடன் காகிதத்தை எடுத்து என் கையெழுத்தின் நடுவில் விரலை வைத்தார். "இது என்ன எழுத்தும்மா?"

நான் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் போட்ட எழுத்து. அதன் பெயர் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

"இதுக்கு முன்னாடி இருக்கிறது?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

வெள்ளைக் காகிதம் ஒன்றைத் தள்ளி, "இந்த ஒரு எழுத்த மட்டும் தனியா எழுதுங்க" என்றார். பேனாவை வாங்கினேன். மணிக்கட்டு இன்னும் வலித்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதல் எழுத்திலிருந்து ஓட்டினால்தான் அந்த எழுத்து எனக்கு வரும். கோலத்தின் நடுவிலே இருக்கும் ஒரு வளைவை மட்டும் போடச் சொன்னால் கை எப்படி நிற்குமோ அப்படி நின்றது. பேனா முனை காகிதத்தில் ஒரு புள்ளி வைத்ததோடு சரி.

"போதும்மா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. தப்புச் செய்த குழந்தையை விட்டுவிடுகிற மாதிரி சொன்னார். மேலாளர் பெண்ணும் இப்போது சிரிக்கவில்லை, இரக்கமாகப் பார்த்தாள். அவள் சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மனு ஜெயித்துவிட்டது. சில வாரம் கழித்துக் கூப்பிட்டு, பணம் கணக்கில் ஏறிவிட்டது, ஒப்புதல் கொடுக்க வாருங்கள் என்றார்கள். அந்தக் காகிதமும் இங்கிலீஷ்தான். இம்முறை மேலாளர் பெண்ணே தமிழில் சொல்லி விளக்கினாள். கடன்தாரர் எழுத்தறிவு இல்லாதவர் என்று விசாரணையில் தெரிய வந்ததால், அவருடைய நிலையைக் கருதி, நல்லெண்ணத்தின் பேரில் வங்கி இந்தத் தொகையைத் திருப்பித் தருகிறது. இனி இது பற்றி எந்தக் குறையும் இல்லை என்று கடன்தாரர் ஒப்புக்கொள்கிறார்.

"அந்தப் பையன் சொல்லாம வித்தான்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா."

"பொய் சொன்னது அவன். எழுதறது என்னைப் பத்தியா?"

"அம்மா" என்றாள் என் மகள். அந்த ஒரு வார்த்தையில் பேத்தியின் கட்டணமும் வசூல்காரன் போனும் எல்லாம் இருந்தது. நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். மேலாளர் பெண் தயங்கினாள். "இனிமே நீங்க சைன் பண்ணக் கூடாதும்மா. எழுத்தறிவு இல்லாதவங்கன்னு கணக்குல மாத்தியாச்சு. இடது கை பெருவிரல் வைங்க, பொண்ணு சாட்சி போடட்டும். பணம் எடுக்க வரும்போதும் அப்படித்தான், சாட்சிக்கு யாரையாவது கூட்டிட்டு வந்துடுங்க."

விரலை வைத்தேன். துடைக்க ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தாள், வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும்வரை மகளோடு பேசவில்லை. அவள் மேல் கோபம் இல்லை. அவள் பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால் பணம் வந்திருக்காது. ஆனாலும் பேச வரவில்லை.

பணம் வந்த சேதி தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் தள்ளுவண்டிக்காரி மாவு வாங்க வந்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே குந்திவிட்டாள்.

"அக்கா, எனக்கும் அந்தப் பையன் அதே இன்சூரன்ஸத்தான் போட்டுக்கீறான். நானும் உன்னப் பாத்துதான் இங்கிலீஷ்ல கையெழுத்து கத்துக்கினேன். நீ இன்னா சொல்லி வாங்கின, சொல்லுக்கா."

அவனைக் கைகாட்டியது நான். சொல்லாமல் இருக்க முடியாது. மாவு டப்பாவை மூடி வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"இங்கிலீஷ் பேப்பர் நீட்டுவான். தெரியாதுன்னு சொல்லு. தமிழ் பேப்பரும் நீட்டுவான். அதுவும் தெரியாதுன்னு சொல்லு. எழுத்துக் கூட்டறேன் பேர்வழின்னு வாயத் திறந்துடாதே."

"சரிக்கா."

"அப்புறம் உன் கையெழுத்துலயே ஒரு எழுத்த காட்டி, இது என்னான்னு கேப்பான்."

அவள் முகம் மலர்ந்தது. "அது எனக்குத் தெரியும்க்கா. என் பேரன் அஞ்சு எழுத்தும் சொல்லிக் குடுத்துக்கீறான். கேட்டா டக்குனு சொல்லிடுவேன்."

"தெரியாதுன்னு சொல்லு" என்றேன்.

"தெரிஞ்சத எப்டிக்கா தெரியாதுன்னு சொல்றது?"

"பேசாம தலையக் குனிஞ்சுக்கோ. அவங்களே எழுதிப்பாங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மாவு வாங்காமலேயே எழுந்து போனாள்.